ஆப்ரிக்கானா வுமனிசத்தின் 18 கூறுகளை வைத்து 'பிலவ்ட்' நாவலை எப்படி ஆய்வது?

நிலாமுற்றம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட். நாவல் டோனி மோரிசனின் 'பிலவ்ட்', அடிமைப் பண்ணையிலிருந்து தப்பிய செதே என்ற கருப்பினப் பெண்ணின் கதை. கோட்பாடு கிளெனோரா ஹட்சன்-வீம்ஸின் ஆப்ரிக்கானா வுமனிசம், அதாவது ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்கென்று அவர் உருவாக்கியது; அப்படிப்பட்ட பெண்ணின் 18 கூறுகளை அது பட்டியலிடுகிறது. மொத்தம் 60 பக்கம் வரவேண்டும். நான்கு சந்தேகங்கள்:

அமெரிக்கக் கருப்பின எழுத்தாளர் ஆலிஸ் வாக்கரின் வுமனிசமும் இதுவும் ஒன்றா? இணையத்தில் பலரும் இரண்டையும் கலந்துகட்டி எழுதுகிறார்கள்.

'குடும்பத்தை மையமாகக் கொண்டவள்' என்பது இதன் முக்கியமான கூறு. இது பெண்ணை மறுபடி அடுப்படிக்கு அனுப்புகிற வேலை இல்லையா? வைவாவில் இந்தக் கேள்வி வந்தால் என்ன சொல்வது?

18 கூறுகளுக்கும் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரியாக வருமா?

இதே கோட்பாட்டை ஒரு தமிழ் தலித் பெண் எழுத்தாளரின் நாவலுக்கும் பொருத்தி, கடைசி அத்தியாயத்தில் ஒப்பிடலாமா?

குறிஞ்சிக்காடு பதில்:

முதல் இரண்டு கேள்விகளுக்கு நான் சொல்கிறேன். மூன்றாவதற்கு என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒன்றல்ல. வாக்கர் 'வுமனிஸ்ட்' என்ற சொல்லுக்கு விரிவான விளக்கம் கொடுத்தது 1983ல் வந்த கட்டுரைத் தொகுப்பில். அவர் கணக்கில் வுமனிஸ்ட் என்றால் கருப்பினப் பெண்ணியவாதி, அல்லது வெள்ளையரல்லாத வேறு இனத்துப் பெண்ணியவாதி. பெண்ணியத்துக்கும் வுமனிசத்துக்கும் உள்ள உறவை வெளிர் ஊதாவுக்கும் அடர் ஊதாவுக்கும் உள்ள உறவாகச் சொன்னார். ஹட்சன்-வீம்ஸ் பிடித்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். நிறம் அதேதான், சாயம்தான் கொஞ்சம் கூட என்றால் அது பெண்ணியத்தின் இன்னொரு வகைதானே, எங்களுக்கு வேண்டியது தனியான ஒன்று என்பது அவர் வாதம். மிசூரி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். இந்தப் பெயரை 1987ல் முன்வைத்தார். முழு நூலாக 1993ல் வந்தது. நீங்கள் சொல்கிற 18 கூறுகள் அந்த நூலில்தான் இருக்கின்றன.

நைஜீரியாவின் சிக்வெனியே ஒகோன்ஜோ ஒகுன்யெமி 1985ல் வாக்கரைச் சாராமலே 'வுமனிசம்' என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். ஆக, ஒரே சொல்லின் கீழ் மூன்று பேர் இருக்கிறார்கள். இவர்களை ஒரே பத்தியில் போட்டுக் கலக்கினால் பரிசோதகர் அங்கேயே சிவப்பு மையால் கோடு போடுவார்.

உண்மையான வித்தியாசம் வரிசையில் இருக்கிறது. ஹட்சன்-வீம்ஸுக்கு முதலில் இனம், அடுத்து வர்க்கம், அப்புறம்தான் பாலினம். பாலின ஒடுக்குமுறை இல்லை என்று அவர் சொல்லவில்லை. இன ஒடுக்குமுறை ஆணையும் பெண்ணையும் குழந்தையையும் சேர்த்தே நசுக்கும்போது, ஆணை முதல் எதிரியாக வைக்கும் திட்டம் எங்களுக்கு ஒத்துவராது என்கிறார். 1977ல் பாஸ்டனில் கருப்பினப் பெண்ணியவாதிகளின் குழுவான கம்பாஹி ரிவர் கலெக்டிவ் வெளியிட்ட அறிக்கை இதற்கு நேரெதிர். ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னி ஒரே சமயத்தில் விழுகின்றன, வரிசைப்படுத்திப் பிரிக்க முடியாது என்பது அவர்கள் நிலை. 1989ல் கிம்பர்லே கிரென்ஷா பெயர் சூட்டிய இன்டர்செக்‌ஷனாலிட்டியும் (ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று குறுக்கிடுவது என்ற கருத்து) அந்த வழியில் வருவதுதான். உங்கள் இரண்டாம் அத்தியாயம் இந்த முரணில் தொடங்கட்டும்.

வரிசை ஏன் அப்படி? காரணம் வரலாற்றில் இருக்கிறது. அமெரிக்க அரசியலமைப்பின் 1870ன் 15வது திருத்தம் கருப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது, வெள்ளைப் பெண்ணுரிமை இயக்கத்தின் முன்னணித் தலைவர்கள் சிலர் அதை எதிர்த்து நின்றார்கள். 1913 மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் கருப்பினப் பெண்கள் கடைசியில் நடக்கட்டும் என்று கருப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸிடம் சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளாமல், ஊர்வலம் போய்க்கொண்டிருக்கும்போதே இலினாய் அணிக்குள் நுழைந்து நடந்தார்.

அடுப்படிக் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவின் அடிமை மாநிலங்களில் அடிமைகளின் திருமணத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. கணவனை ஒரு பக்கமும் குழந்தையை இன்னொரு பக்கமும் விற்கலாம். உள்நாட்டுப் போர் முடிந்த 1865க்குப் பிறகு, விற்கப்பட்டுப்போன அம்மாவையும் அண்ணனையும் தேடி மக்கள் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். குடும்பம் என்ற ஒன்றை வைத்திருப்பதே அங்கே எதிர்ப்பு. வெள்ளை நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு வீடு சிறையாகத் தெரிந்த காலத்தில் கருப்பினப் பெண் இன்னொருத்தி வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொந்த அடுப்படி கிடைக்காததுதான் குறை. பிறகு 1965ல் அமெரிக்க அரசின் மொய்னிஹன் அறிக்கை கருப்பினக் குடும்பம் சீரழிந்து கிடக்கிறது, அதன் தாய்வழி அமைப்பும் அதற்கு ஒரு காரணம் என்று எழுதியது. 'குடும்ப மையம்' என்ற கூறை இந்தப் பின்னணியோடு படித்தால்தான் அதன் காரம் தெரியும். 'ஆப்பிரிக்கப் பெண்கள் இயல்பிலேயே குடும்பப் பாசம் மிக்கவர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். அது கோட்பாடு அல்ல, காலண்டர் வாசகம்.

இங்கே குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு குழந்தை என்பதல்ல. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி, பெறாமல் வளர்த்தவள் என்று சமூகம் வரை விரியும். 'பாத்திரங்களை மாற்றி ஏற்பவள்' என்ற கூறும் இதோடு ஒட்டியது. வயலில் ஆணுக்குச் சமமாக வேலை வாங்கப்பட்டவளுக்கு வீட்டு வேலை, வெளி வேலை என்ற சுவர் தொடக்கத்திலிருந்தே கிடையாது.

வரிக்குவரி பதில்:

18க்கும் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம் என்றால் ப்ராஜெக்ட் ரேஷன் கார்டு மாதிரி ஆகிவிடும். வேண்டாம். 'செதே வலிமையானவள், ஏனெனில்...', 'செதே தாய்மை மிக்கவள், ஏனெனில்...' என்று போனால் எந்த நாவலையும் அதில் பொருத்தலாம். எல்லாக் கூறும் பொருந்துகிறது என்று காட்டும் ஆய்வு எதையும் நிரூபிப்பதில்லை.

முதலில் 18ஐயும் தமிழில் எழுதி எதிரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: தனக்குத் தானே பெயரிடுபவள், தன்னைத் தானே வரையறுப்பவள், குடும்பத்தை மையமாகக் கொண்டவள், சகோதரித்துவத்தில் உண்மையானவள், வலிமையானவள், போராட்டத்தில் ஆணோடு சேர்ந்து நிற்பவள், முழுமையானவள், போலியற்றவள், பாத்திரங்களை மாற்றி ஏற்பவள், மதிக்கப்படுபவள், அங்கீகரிக்கப்படுபவள், ஆன்மிகப் பிடிப்புள்ளவள், ஆணோடு இணங்கி வாழ்பவள், மூத்தோரை மதிப்பவள், சூழலுக்கேற்பத் தகவமைபவள், முன்னேறும் வேட்கை கொண்டவள், தாய்மையுள்ளவள், பேணி வளர்ப்பவள்.

இதில் நான்கைத் தேர்ந்தெடுங்கள். பெயரிடுதல், ஆணோடு சேர்ந்து நிற்றல், தாய்மை, சகோதரித்துவம். 'பிலவ்ட்' நாவலில் இந்த நான்கும் தாங்குகின்றன, உடையவும் உடைகின்றன. இரண்டு பக்கமும் காட்டக்கூடியதைத்தான் எடுக்க வேண்டும். மீதி 14ஐ அடிக்குறிப்பில் விட்டுவிடலாம்.

பிறகு நாவலை ஒரு முறை பென்சிலோடு படித்து 12 முதல் 15 காட்சிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள். இடது பக்கம் மூல வரி, பக்க எண்ணோடு. நடுவில் எந்தக் கூறு. வலது பக்கம் அந்தக் கூறுக்கு அந்தக் காட்சி என்ன செய்கிறது: தாங்குகிறதா, திருத்துகிறதா, மறுக்கிறதா. வலது பக்கம் காலியாக இருக்கும் தாளைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அது கதைச்சுருக்கமாகத்தான் முடியும்.

மாதிரிக்கு இரண்டு காட்சி.

பெயரிடுதல். செதேயின் கணவன் ஹாலி ஐந்து வருட ஞாயிற்றுக்கிழமைகளை வாடகைக்கு விட்டு, அம்மாவின் விடுதலையை விலைக்கு வாங்குகிறான். பண்ணை எஜமானர் கார்னர் அவளை வண்டியில் ஏற்றி சின்சினாட்டிக்குக் கூட்டிப்போகிறார். வழியில்தான் அவள் கேட்கிறாள், என்னை ஏன் ஜென்னி என்று கூப்பிடுகிறீர்கள் என்று. விற்பனைச் சீட்டில் அவள் பெயர் ஜென்னி விட்லோ. அவளுக்கோ அது தன் பெயர் என்றே தெரியாது. சக்ஸ் என்பது அவளுடைய கணவனின் பெயர். பேபி என்பது அவன் கூப்பிட்ட விதம். விடுதலை பெற்றவளுக்கு 'பேபி சக்ஸ்' என்பது ஒரு பெயரா, ஜென்னி விட்லோவையே வைத்துக்கொள் என்று கார்னர் அறிவுரை சொல்கிறார். அவள் கேட்கவில்லை. தப்பியோடிப் போன கணவன் என்றைக்காவது தேடினால் ஜென்னி விட்லோ என்ற பெயரை வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஹட்சன்-வீம்ஸிடம் முதலாவதாக நிற்பது 'தனக்குத் தானே பெயரிடுபவள்', மூன்றாவது 'குடும்ப மையம்'. மோரிசனின் இந்த ஒரு காட்சியில் இரண்டும் ஒரே செயல். எஜமானன் கொடுத்த பெயரைத் தள்ளுவதும் குடும்பத்துக்கு வழி திறந்து வைப்பதும் வேறு வேறு அல்ல. இந்த ஒரு பத்தியை மட்டும் வைத்தே நான்கு பக்கம் எழுதலாம். அதற்கு மறுமுனையில், கார்னருக்குப் பிறகு பண்ணையை நடத்தும் ஸ்கூல்டீச்சர் செதேயின் மனிதக் குணங்களை ஒரு பக்கமும் விலங்குக் குணங்களை இன்னொரு பக்கமும் எழுதச் சொல்லும் காட்சியை வையுங்கள். வரையறுக்கும் அதிகாரம் யார் கையில் என்ற கேள்வி முழுசாக வெளியே வரும்.

அடுத்தது வரிசைப் பிரச்சினை. அதே பண்ணையில் செதேயோடு அடிமையாக இருந்த பால் டி வந்த அன்று அடுப்படியில் நடக்கும் பேச்சு. செதேயின் முதுகைப் பற்றிச் சொன்னதும் அவன் கேட்பது சாட்டையைப் பற்றி. அவள் சொல்வது தாய்ப்பாலைப் பற்றி. கர்ப்பிணியை அடித்தார்களா என்று மறுபடி கேட்கிறான். மறுபடியும் அவள், என் பாலை எடுத்துக்கொண்டார்கள் என்கிறாள். அவனுக்குத் தெரிகிற வன்முறை அவனுக்கும் நடந்திருக்கக்கூடியது. அவளுக்கு முதலில் நிற்பது அவளுக்கு மட்டுமே நடக்கக்கூடியது. 'இனம் முதலில், பாலினம் கடைசியில்' என்ற வரிசை இந்த உரையாடலில் நிற்குமா? எளிதில் நிற்காது. ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம். சில பக்கம் தள்ளி, ஹாலி மேலே பரணிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான், கீழே இறங்கி வர முடியவில்லை, அதிலேயே மனம் சிதைந்து போனான் என்று தெரியவரும். பால் டி அவனைக் கடைசியாகப் பார்த்தபோது முகமெல்லாம் வெண்ணெய் பூசியிருந்தான். அவள் உடம்புக்கு நடந்தது அவனையும் அழித்தது. ஹட்சன்-வீம்ஸ் சொல்கிற 'ஆணும் இந்த வன்முறைக்கு இலக்கு' என்பது இங்கே திரும்ப உயிர் பெறுகிறது. காட்சியின் முதல் பாதி கம்பாஹி பக்கம், பின் பாதி ஹட்சன்-வீம்ஸ் பக்கம். இந்த இழுபறியே உங்கள் ப்ராஜெக்டின் நடு அத்தியாயம்.

பக்கக் கணக்கு: முன்னுரை 6, கோட்பாடும் மறுப்புகளும் 14, பெயரிடுதல் 10, தாய்ப்பால் காட்சியும் ஆணோடு சேர்தலும் 12, தாய்மையும் சகோதரித்துவமும் 12, முடிவு 4. மீதி இரண்டு பக்கம் எப்படியும் எங்காவது நீளும். வாழ்க்கை வரலாற்றுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் செலவு செய்யாதீர்கள். மோரிசனுக்கு 1993ல் நோபல் கிடைத்தது பரிசோதகருக்குத் தெரியும்.

எதிர்க்கேள்வி பதில்:

மேலே இரண்டு பேரும் நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கோட்பாட்டுக்கு வெளியிலிருந்து வந்த அடி இன்னும் முழுசாகச் சொல்லப்படவில்லை. அது இல்லாமல் 14 பக்கம் எழுதினால் பிரசங்கமாகிவிடும்.

பாட்ரிசியா ஹில் காலின்ஸ் 1996ல் 'தி பிளாக் ஸ்காலர்' இதழில் வுமனிசம், கருப்பினப் பெண்ணியம் என்ற இரு பெயர்களையும் எடைபோட்டு ஒரு கட்டுரை எழுதினார். கட்டாயம் படியுங்கள். அவர் முதன்மையாக எடுத்துக்கொள்வது வாக்கரின் வுமனிசத்தை என்பதைக் கவனியுங்கள். அதை ஹட்சன்-வீம்ஸுக்கான நேரடி மறுப்பாகக் காட்டக் கூடாது. ஆப்ரிக்கானா வுமனிசத்தையே நேராக எடுத்து ஆய்ந்த கட்டுரை வேண்டுமென்றால் நிகோல் அலெக்சாண்டர்-ஃப்ளாய்டும் எவலின் சிமியனும் சேர்ந்து 2006ல் எழுதியது இருக்கிறது.

என் பார்வையில் கோட்பாடு பலவீனமாக நிற்கும் இடங்கள் மூன்று.

'ஆணோடு இணங்கி வாழ்பவள்' என்பதை ஒரு கூறாக வைத்ததும் பெண்ணை நேசிக்கும் பெண் பட்டியலுக்கு வெளியே போய்விடுகிறாள். வாக்கரின் 1983 விளக்கத்தில் அவளுக்கு வெளிப்படையாகவே இடம் உண்டு. இரண்டு வுமனிசங்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் பாதி இதுதான். மரியாதைக்காக இதைப் பூசி மெழுகாதீர்கள்.

அடுத்தது, குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறை. முதலில் இனம் என்று வரிசை வைத்தால், அடிக்கிறவன் நம் ஆள் என்னும்போது அவள் எங்கே போய்ச் சொல்வாள்? பொது எதிரியை வென்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பதில் உலகத்தில் எல்லா இயக்கங்களிலும் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டதுதான். அந்த 'பிறகு' எங்கேயும் வந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது தாய்மை. வரிக்குவரி சொன்ன நான்கில் இதுதான் 'பிலவ்ட்' நாவலில் மிக மோசமாக உடைகிறது. எல்லோரும் மரக்கொட்டகைக் காட்சிக்கே ஓடுவார்கள். 28 நாள் சுதந்திரமாக இருந்துவிட்டு, பிடிக்க வந்தவர்களைப் பார்த்ததும் செதே தன் மகளைக் கொல்கிறாள். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பிய மார்கரெட் கார்னர், பிடிபடும் நேரத்தில் தன் இரண்டு வயது மகளைக் கொன்றது வரலாறு. நாவலின் விதை அங்கிருந்து வந்தது. இதைத் தாய்மையின் உச்சம் என்று எழுதும் கட்டுரைகள் உண்டு, தாய்மையின் அழிவு என்று எழுதும் கட்டுரைகளும் உண்டு. இரண்டுமே சலித்துவிட்டன.

நீங்கள் எல்லா (Ella) என்ற பாத்திரத்தைப் பாருங்கள். அப்பா, மகன் இருவரிடம் அடைபட்டுச் சித்திரவதைப்பட்டவள். அந்த வன்முறையில் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்க மறுத்தவள். அது ஐந்து நாள்தான் உயிரோடிருந்தது. ஹட்சன்-வீம்ஸின் பட்டியலில் 17வது, 18வது கூறுகளுக்கு எல்லா தேறமாட்டாள். ஆனால் கடைசியில் 30 பெண்களைத் திரட்டிக்கொண்டு செதேயின் 124 எண் வீட்டு வாசலுக்கு வந்து அவளைக் காப்பாற்றுவது அவள்தான். தாய்மையை மறுத்தவளிடம்தான் சகோதரித்துவம் முழுசாக இருக்கிறது. 18 கூறுகளும் ஒன்றுக்கொன்று துணை என்ற எண்ணத்தை நாவல் இந்த இடத்தில் கலைக்கிறது.

இன்னொன்று. அதே சமூகம் 18 வருடம் முன்னால் என்ன செய்தது? ஊர்க்காரர் ஸ்டாம்ப் பெய்ட் அந்த வீட்டுக்கு இரண்டு வாளி கருப்புப் பெர்ரிகளைக் கொண்டுவர, அது 90 பேர் சாப்பிட்ட விருந்தாக முடிந்தது. மறுநாள் ஊருக்குப் பொறாமை. செதேயைப் பிடிக்கக் குதிரையில் ஆட்கள் வருவதைப் பார்த்தும் ஒருத்தரும் ஓடிவந்து சொல்லவில்லை. குடும்பம் சமூகம் வரை விரியும் என்று குறிஞ்சிக்காடு எழுதியது சரி. அப்படி விரிந்த குடும்பம் கைவிடவும் செய்யும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு செதேயின் மகள் டென்வர் வெளியே வந்து உதவி கேட்டதும் முற்றத்து ஓரத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் தோன்றுகின்றன. சிலவற்றில் கொடுத்தவர் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டுகளைப் பெயரிடுதல் அத்தியாயத்தோடு இணைக்க முடியும்.

நிலாமுற்றம்:

ரொம்ப நன்றி. எல்லாவை நான் ஒரு துணைப் பாத்திரமாக மட்டும் நினைத்திருந்தேன். திட்டத்தை நான்கு கூறுகளுக்கு மாற்றிவிட்டேன். இரண்டு விஷயம் மட்டும் பாக்கி. தலித் நாவல் ஒப்பீடு முடியுமா? முடியாது என்றால் ஒப்பீட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்தே ஒரு சின்ன நாவல் சொல்லுங்கள். கைடு ஒப்பீடு கட்டாயம் வேண்டும் என்கிறார்.

குறிஞ்சிக்காடு பதில்:

அந்தப் பெயரில் முடியாது. உலகில் எங்கிருந்தாலும் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்காக உருவாக்கப்பட்டது என்று கோட்பாடே தன் எல்லையைச் சொல்கிறது. அவர்களுடைய பண்பாட்டில் வேர்கொண்டது என்பது அதன் அடிப்படைக் கூற்று. அதைக் கழற்றிவிட்டு 18 கூறுகளை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது, வெளியார் சட்டகத்தை எங்கள் மேல் மாட்டாதே என்று எழுந்த ஒரு கோட்பாட்டையே இன்னொருவர் மேல் மாட்டுவதாகும். தலித் பெண் எழுத்துக்குச் சாதியை முதன்மைப்படுத்தும் சொந்த விவாதங்கள் இருக்கின்றன. அவை கடன் வாங்கிய சட்டகத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை.

வேண்டுமானால் இப்படிக் கேட்கலாம்: இனம் முதலா, பாலினம் முதலா என்று அங்கே நடந்த சண்டையும், சாதி முதலா, பாலினம் முதலா என்று இங்கே நடக்கும் சண்டையும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன? அது வாதங்களின் ஒப்பீடு, கோட்பாட்டின் ஏற்றுமதி அல்ல. ஆனால் அதற்குத் தனி ப்ராஜெக்ட் வேண்டும். 60 பக்கத்தில் கடைசி 8 பக்கமாக வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம்.

நம் பக்கத்தில் இந்தக் கோட்பாடு உண்மையாகவே தொடக்கூடியவர்கள் கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியிலும் குஜராத்திலும் வாழும் 'சித்தி' இன மக்களும், இலங்கையில் புத்தளம் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும்தான். அங்கே அது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது களத்துக்குப் போய்க் கேட்டுத்தான் சொல்ல வேண்டிய விஷயம்.

தென்றல்பக்கம் பதில்:

ஒப்பீட்டுக்கு மரியாமா பாவின் 'சோ லாங் எ லெட்டர்' எடுங்கள். செனகல் நாவல். பிரெஞ்சில் 1979ல் வந்தது, ஆங்கிலத்தில் 1981ல். மிகச் சின்னப் புத்தகம். ஹட்சன்-வீம்ஸ் 1993 நூலில் தானே எடுத்து ஆய்ந்த ஐந்து நாவல்களில் இதுவும் ஒன்று, 'பிலவ்ட்' இன்னொன்று. அதனால் கைடு கேள்வி கேட்க முடியாது.

கதைச்சுருக்கம் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்: ரமதுலாயேக்கு 12 குழந்தைகள். 25 வருடம் கழித்து கணவன் மோது, தங்கள் மகள் தாபாவின் தோழியையே இரண்டாம் மனைவியாக்கிக்கொள்கிறான். அவன் இறந்த பிறகு, நான்கு மாதம் பத்து நாள் துக்கத்தில் இருந்தபடி தோழி ஐசத்துவுக்கு எழுதும் கடிதம்தான் நாவல். ஐசத்து கணவன் இரண்டாம் கல்யாணம் செய்ததும் விட்டுப் போனவள். ரமதுலாயே போகாதவள்.

இங்கே தவறு எப்படி நடக்கும் என்றால், போகாதவளைக் 'குடும்ப மையம்' என்ற பெட்டியிலும் போனவளைப் 'பெண்ணியம்' என்ற பெட்டியிலும் போட்டுவிடுவார்கள். நாவல் இருவரையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. ரமதுலாயே பேருந்தில் அல்லாடுகிறாள் என்று தெரிந்து அவளுக்குக் கார் வாங்கிக் கொடுப்பது ஐசத்து. சகோதரித்துவத்துக்கு இதைவிட எடை உள்ள சான்று தேட வேண்டாம்.

'ஆணோடு இணங்கி வாழ்பவள்' என்பது ஆண் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவதல்ல என்று காட்ட தம்சிர் காட்சி. இறந்தவனின் அண்ணன். நாற்பதாம் நாள் இமாமையும் கூட்டிக்கொண்டு வந்து, துக்கம் முடிந்ததும் உன்னை நான் கட்டிக்கொள்கிறேன் என்று அறிவிக்கிறான். கேட்கவில்லை, அறிவிக்கிறான். முப்பது வருட மௌனம் அங்கே உடைகிறது. உன் மனைவிகளில் ஒருத்தி துணிக்குச் சாயம் போட்டும், ஒருத்தி பழம் விற்றும், இன்னொருத்தி தையல் மெஷினைச் சுற்றியும் பிழைக்கிறார்கள், உன் சம்பாத்தியம் எங்கே என்று நேருக்கு நேர் கேட்டு விரட்டுகிறாள். இன்னொரு பக்கம் தாபாவின் கணவன் அப்து சோறு சமைக்கிறான். தாபா என் மனைவி, அடிமையோ வேலைக்காரியோ அல்ல என்கிறான். தம்சிரையும் அப்துவையும் அடுத்தடுத்து வைத்தால் கோட்பாடு எந்த மாதிரி ஆணை எதிர்பார்க்கிறது என்பது விளங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. செனகல் நாவலில் வரிசை மாறிவிடுகிறது. நாடு 1960ல் விடுதலை அடைந்துவிட்டது. வெள்ளையன் காட்சியில் அநேகமாக இல்லை. ரமதுலாயேயின் துன்பத்துக்கு நேர்க்காரணம் பலதார மணமும் அதைப் பயன்படுத்திக்கொண்ட படித்த ஆண்களும். 'இனம் முதலில்' என்பதை இங்கே எப்படி நியாயப்படுத்துவது? ஆப்பிரிக்கக் கண்டத்தில் எழுதியவர்கள் சிலர் வேறு பாதையில் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். மொலாரா ஒகுந்திபே-லெஸ்லி 1994ல் 'ஸ்டிவா' என்றார், ஆப்பிரிக்காவின் சமூக மாற்றத்தில் பெண்களையும் சேர்ப்பது. ஒபியோமா நெமெகா பேரம் பேசி, விட்டுக்கொடுத்து முன்னேறும் 'நெகோ-ஃபெமினிசம்' என்றார். ஒரு பத்தி போதும், ஆனால் அந்தப் பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்.

வரிக்குவரி பதில்:

கடைசியாக ஒன்று. ஆப்ரிக்கானா வுமனிசம் பற்றி எழுதும்போது எல்லோரும், அடிமையாக இருந்து விடுபட்ட கருப்பினப் பேச்சாளர் சோஜர்னர் ட்ரூத் 1851ல் ஒஹாயோவின் அக்ரனில் ஆற்றிய உரையை மேற்கோள் காட்டுவார்கள். ஹட்சன்-வீம்ஸும் அவரை முன்னோடியாக வைக்கிறார். நீங்கள் எந்தப் பிரதியிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். எல்லோருக்கும் தெரிந்த, 'நானும் ஒரு பெண் இல்லையா' என்ற கேள்வி திரும்பத் திரும்ப வரும் வடிவம், 12 வருடம் கழித்து 1863ல் ஃப்ரான்சிஸ் கேஜ் நினைவிலிருந்து எழுதி வெளியிட்டது. உரை நடந்த அடுத்த மாதமே மாரியஸ் ராபின்சன் ஒஹாயோ பத்திரிகையில் வெளியிட்ட வடிவத்தில் அந்த வரி இல்லை. கேஜின் வடிவம் தென்மாநிலப் பேச்சுவழக்கில் இருக்கிறது. ட்ரூத்தோ நியூயார்க்கில் டச்சு பேசி வளர்ந்தவர்.

உங்கள் தலைப்புக்கு இது நேரடியாக இடிக்கும். கேஜின் வடிவத்தில் அவர் 13 குழந்தைகள் பெற்றதாகவும் அநேகமாக எல்லோரும் விற்கப்பட்டதாகவும் வரும். தாய்மைக்குச் சான்றாக அதைத்தான் எல்லோரும் வெட்டி ஒட்டுகிறார்கள். அவருக்குப் பிறந்தவர்கள் ஐந்து பேர். அந்தக் கட்டுக்கதையைவிட வலுவான சான்று அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. சட்டத்தை மீறி அலபாமாவுக்கு விற்கப்பட்ட தன் மகன் பீட்டருக்காக நியூயார்க்கில் வழக்குப் போட்டு 1828ல் ஜெயித்து அவனை மீட்டார். அதை முதல் அத்தியாயத்தில் வையுங்கள். கேஜின் வரியைத் தவிர்க்க முடியாது என்றால், 1863 பிரதி என்று அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்.